ரத்த அறிக்கையில் ‘ஹெர்பிஸ் பாசிட்டிவ்’ என்று வந்தபோது

இரண்டாவது கருவும் கலைந்த பிறகு, ஈரோட்டில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவமனையில் ‘டார்ச்’ என்றொரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்டேன். “எல்லாருக்கும் எடுக்கறதுதாங்க” என்றார் அங்கிருந்த நர்ஸ். லேபில் ரத்தம் கொடுக்கும்போது என் கணவரின் வாட்ஸப் எண்ணைத்தான் பதிவு செய்திருந்தோம். அறிக்கை அவருக்கு வந்தது.

இரண்டு பக்கம், எட்டு வரி. டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1 & 2. ஒவ்வொன்றுக்கும் ஐஜிஜி, ஐஜிஎம் என்று இரண்டிரண்டு. அந்த எட்டில் நான்கு வரிகள் தடித்த எழுத்தில் இருந்தன. ஹெர்பிஸ் ஐஜிஜி 9.4, பாசிட்டிவ். ஹெர்பிஸ் ஐஜிஎம் 1.02, ‘ஈக்விவோகல்’, அதாவது இரண்டுங்கெட்டான். டாக்டரைப் பார்க்க மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் என் கணவர் கூகுளில் தேடிவிட்டார். ‘பாலியல் உறவால் பரவும் நோய்’, ‘குணப்படுத்த முடியாது’ என்ற இரண்டும்தான் திரையில் முதலில் வந்து நின்றன.

அன்று இரவு, “உனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அதே கேள்வி அவரைப் பற்றி என் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது. இருவருமே கேட்கவில்லை, இருவருமே தூங்கவில்லை. மறுநாள் அந்த மருத்துவமனையில், ஐஜிஎம் வரியைப் பார்த்துவிட்டு, “கரு கலையறதுக்கு இதுதான் காரணமா இருக்கும்” என்று சொல்லி, இருவருக்கும் அசைக்ளோவிர் மாத்திரை எழுதித் தந்தார்கள். கேள்வி கேட்க நேரம் தரவில்லை. வெளியே அடுத்த டோக்கன் கூப்பிட்டுவிட்டார்கள்.

இதே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இதே இரவைக் கழிக்கும் பெண்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கரு கலைந்தால் டார்ச், குழந்தையின்மைக்கு டார்ச், சில இடங்களில் கல்யாணத்துக்கு முந்தைய ‘பேக்கேஜ்’ என்ற பெயரில் பால்வினைத் தொற்றுப் பட்டியல் முழுவதும். பரிசோதனை எழுதுவது சுலபமாகிவிட்டது. வந்த முடிவை உட்கார வைத்து விளக்க ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் உடைகின்றன. எனக்கு விளக்கிச் சொல்ல ஒரு நல்ல மருத்துவர் கிடைத்தார். அவர் சொன்னதையும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தத் தாள் எதைச் சொல்கிறது என்பது. ஐஜிஜி என்பது, உடம்பு ஒரு கிருமியை எப்போதோ சந்தித்து, அதை எதிர்க்கத் தயாரித்து வைத்துக்கொண்ட புரதம். கிருமியை நேராகப் பார்க்கும் பரிசோதனை இல்லை இது. ‘இந்த உடம்பு இந்தக் கிருமியை எப்போதாவது சந்தித்ததா?’ என்ற ஒரே கேள்விக்குத்தான் அதில் பதில் இருக்கிறது. எப்போது சந்தித்தது, யாரிடமிருந்து வந்தது, உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது, கரு கலைந்ததற்கு இதுதான் காரணமா என்ற நான்குக்கும் அதில் பதிலே கிடையாது. நம் வீடுகளில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கேட்பதோ அந்த நான்கைத்தான்.

என் அறிக்கையிலேயே தடித்த எழுத்தில் இருந்த இன்னொரு வரி ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ். அது கெட்ட செய்தியே இல்லை. சின்ன வயதில் தடுப்பூசி போட்டதாலோ, ரூபெல்லா வந்து போனதாலோ எனக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, கர்ப்பத்தில் அந்தத் தொற்று வரும் பயம் இல்லை என்று பொருள். அந்த வரி நெகட்டிவ் என்று வந்திருந்தால்தான் கவலைப்பட்டிருக்க வேண்டும், கருத்தரிக்கும் முன் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். சைட்டோமெகலோ வைரஸ் ஐஜிஜியும் பாசிட்டிவ். நம் நாட்டில் வயது வந்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது அப்படித்தான் இருக்கும். லேபின் கணினிக்கு நல்லது கெட்டது தெரியாது. எல்லைக்கு மேலே எண் போனால் எழுத்தைத் தடிமனாக்கிவிடும், அவ்வளவுதான்.

எங்கள் உறவினர் ஒருவர் சொல்லி, கோயம்புத்தூரில் தோல் மற்றும் பால்வினை நோய் நிபுணர் ஒருவரைப் பார்த்தோம். வயதான அம்மா, பல வருஷம் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அறிக்கையை வாங்கியதும் 9.4 என்ற எண்ணை அவர் பார்க்கவேயில்லை. பேனாவை எடுத்து 1-க்கும் 2-க்கும் நடுவில் இருந்த ‘&’ குறியைச் சுற்றி வட்டம் போட்டார்.

“ரெண்டையும் ஒண்ணா கலந்து பார்த்திருக்காங்கம்மா. இதுல பாசிட்டிவ்னு வந்தா எதுன்னு எப்படிச் சொல்றது?”

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸில் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் வாயைச் சுற்றி வருவது. காய்ச்சலோ சளியோ வரும்போது உதட்டோரத்தில் கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் வந்து, உடைந்து, பொருக்குத் தட்டி ஆறிவிடுமே, அது. உடம்புச் சூடு என்று சொல்லி நாம் கடந்துபோய்விடுவோம். குழந்தையாக இருக்கும்போது யாராவது பெரியவர்கள் கொஞ்சி முத்தம் கொடுத்ததில் வந்திருக்கும், பலருக்கு ஒரு கொப்புளம்கூட வெளியே தெரியாமலே இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் 380 கோடிப் பேருக்கு, அதாவது நூற்றுக்கு 64 பேருக்கு, முதல் வகை இருக்கிறது. இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்புப் பகுதியில், உடலுறவு வழியாக வருவது. அது 15 முதல் 49 வயதுக்குள் சுமார் 52 கோடிப் பேருக்கு, நூற்றுக்கு 13 பேருக்கு. இரண்டையும் கலந்து பார்க்கும் பரிசோதனை மூன்றில் இரண்டு பேருக்கு ‘பாசிட்டிவ்’ என்று சொன்னால் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

அந்த அம்மா என் கணவரிடம் திரும்பினார். “சார், உங்களுக்குக் காய்ச்சல் வந்தா உதட்டுல கொப்புளம் வருமா?”

“ஸ்கூல் படிக்கறப்ப இருந்தே வருங்க.”

“அப்ப உங்களுக்கும் இந்தப் பேப்பர்ல பாசிட்டிவ்தான் வரும். யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு இதுல எழுதல. எழுதவும் முடியாது.”

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். முந்தைய வாரம் முழுக்க எங்களுக்கு நடுவில் கிடந்த பாரம் அந்த அறையில் இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐஜிஎம் விஷயத்துக்கு வருகிறேன். தொற்று வந்ததும் உடம்பு முதலில் தயாரிக்கும் எதிர்ப்புப் புரதம் அது. பொதுவாக ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் ‘புதிய தொற்று’ என்று நம் எல்லோருக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஹெர்பிஸில் அந்த விதி நிற்காது. பழைய தொற்று மறுபடி தலைகாட்டும்போதும் ஐஜிஎம் வரலாம், வேறு கிருமிகளுக்கான எதிர்ப்புப் புரதத்தோடு குழம்பிப் பொய்யாகவும் வரலாம், எந்த வகை என்றும் பிரித்துச் சொல்லாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021-இல் வெளியிட்ட பால்வினைத் தொற்று வழிகாட்டியில், ஹெர்பிஸுக்கு ஐஜிஎம் பரிசோதனை பயனில்லாதது, செய்ய வேண்டாம் என்றே இருக்கிறது. அப்படி இருந்தும் நம் ஊர் டார்ச் பட்டியலில் அந்த வரி இன்றைக்கும் இருக்கிறது. அதை வைத்து மருந்தும் எழுதுகிறார்கள். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. எங்கள் இருவருக்கும் எழுதியிருந்த மாத்திரைகளை அந்த அம்மா நிறுத்தச் சொல்லிவிட்டார். கொப்புளமும் இல்லை, எரிச்சலும் இல்லை, எதற்கு மருந்து என்றார்.

கரு கலைந்ததற்குக் காரணம் என்று சொன்னார்களே, அதையும் கேட்டேன். டார்ச் என்ற தொகுப்பே அதற்காக வந்ததில்லை. 1971-இல் ஆண்ட்ரே நாமியாஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும், தாயிடமிருந்து சிசுவுக்குப் போகும் சில தொற்றுகளைச் சேர்த்துச் சுட்ட அந்தப் பெயரை வைத்தார்கள். பிறந்த குழந்தைக்கு இந்தத் தொற்று இருக்குமோ என்ற சந்தேகம் வரும்போது உதவுவதற்கான பட்டியல் அது. அடுத்தடுத்துக் கரு கலைகிறவர்களுக்கு வழக்கமாக டார்ச் எடுப்பதைக் கைவிட வேண்டும் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பான ஆர்சிஓஜி 2011-இலேயே வழிகாட்டியில் எழுதிவிட்டது. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் கலைபவை. தாய் சாப்பிட்டதோ, நடந்ததோ, அவளுக்கு எப்போதோ வந்த கொப்புளமோ காரணமில்லை. எனக்கு உண்மையில் பார்க்க வேண்டியிருந்தது தைராய்டு, ரத்தம் உறையும் தன்மையோடு தொடர்புள்ள ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள், கர்ப்பப்பையின் அமைப்பு. அந்தப் பரிசோதனைகளைப் பிறகு வேறு மகப்பேறு மருத்துவரிடம் செய்தோம். அது தனிக் கதை.

இத்தோடு முடிந்திருக்கும். என் மனசு கேட்கவில்லை. “ரெண்டாவது வகை இல்லைன்னு உறுதியா தெரியணும் டாக்டர்” என்றேன். அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை என்று அவர் எடுத்துச் சொன்னார். நான் விடவில்லை. “சரி, எடுக்கலாம். ஆனா என்ன எண் வரும், அதை எப்படிப் படிக்கணும்னு இப்பவே சொல்லிடறேன். வந்த பிறகு சொன்னா காதுல ஏறாது” என்றார். அது பெரிய உதவி.

இந்த இடம்தான் பலரும் தவறிவிழும் இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு வகைகளையும் பிரித்தறிய, வைரஸின் மேல்தோலில் உள்ள கிளைக்கோபுரோட்டீன் ஜி என்ற புரதத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது முதல் வகையில் ஒரு மாதிரியும் இரண்டாம் வகையில் வேறு மாதிரியும் இருக்கிறது. அதனால் லேபில் கேட்க வேண்டியது ‘எச்எஸ்வி 1 ஐஜிஜி தனியாக, எச்எஸ்வி 2 ஐஜிஜி தனியாக, டைப் ஸ்பெசிபிக்’ என்று. எச்எஸ்வி என்பது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் சுருக்கம். வெறுமனே ‘ஹெர்பிஸ் டெஸ்ட்’ என்றால் மறுபடி கலவையைத்தான் எடுப்பார்கள்.

முடிவு ஓர் எண்ணாக வரும். பரவலாகப் பயன்படும் கருவிகளில் 0.9-க்குக் கீழே நெகட்டிவ், 0.9 முதல் 1.1 வரை இரண்டுங்கெட்டான், 1.1-க்கு மேல் பாசிட்டிவ். எனக்கு முதல் வகை எண் மிக உயரத்தில் இருந்தது. இரண்டாம் வகை 1.7, பக்கத்தில் பாசிட்டிவ். அந்த அம்மா முன்கூட்டியே சொல்லி வைத்திருக்காவிட்டால் அன்றைக்கு இடிந்துபோயிருப்பேன்.

1.1-இலிருந்து 3 வரைக்கும் உள்ள எண்களைப் பாதி சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். சிடிசி வழிகாட்டி மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வில், ஹெர்ப்பிசெலக்ட் என்ற பிரபலமான கருவியின் இரண்டாம் வகைப் பரிசோதனையில் 1.1 முதல் 2.9 வரை வந்தபோது, தொற்று இல்லாதவரைச் சரியாக இனம் பிரிக்கும் திறன் 39.8 சதவீதம்தான் இருந்தது. 3-க்கு மேல் 78.6 சதவீதம். அதாவது 3-ஐத் தாண்டிய எண்ணும் கல்லில் செதுக்கியதில்லை. 3-க்குக் கீழே வந்தால் வேறு முறையில் இரண்டாவது பரிசோதனை செய்து உறுதிப்படுத்தாமல் ‘இருக்கிறது’ என்று சொல்லக்கூடாது என்பதே அந்த வழிகாட்டியின் பேச்சு. முதல் வகை ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இரண்டாம் வகையில் இப்படித் தாழ்வான பொய் எண் வருவது தெரிந்த விஷயம். முதல் வகை பலருக்கும் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

அந்த அம்மா ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பேச்சுக்கு, அறிகுறி எதுவும் இல்லாத ஆயிரம் பேர். அதில் 50 பேருக்கு உண்மையில் இரண்டாம் வகை இருக்கிறது. பரிசோதனை அந்த 50 பேரையும் சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறது. தொற்று இல்லாத 950 பேரில் நூற்றுக்குப் பத்துப் பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்கிறது. அது 95 பேர். மொத்தம் 145 பாசிட்டிவ், அதில் 95 பொய். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் பரிசோதனை என்று கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கையில் பாசிட்டிவ் தாளோடு நிற்பவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு நோயே இல்லை. அரிதான ஒன்றை எல்லோரிடமும் தேடினால் இதுதான் நடக்கும். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று 2016-இல் சொன்னதும், 2023-இல் அதையே மறுபடி உறுதி செய்ததும் இதனால்தான். கல்யாண ஜாதகத்தோடு ஹெர்பிஸ் அறிக்கையும் கேட்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது உறுதிப்பாட்டுக்கு உலகில் அளவுகோலாகக் கொள்வது அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் செய்யும் வெஸ்டர்ன் பிளாட் என்ற ரத்தப் பரிசோதனை. அதை நம் பக்கத்தில் சாதாரணமாக எடுக்க முடியாது. அதனால் மூன்று மாதம் கழித்து, வேறு நிறுவனத்தின் கருவி வைத்திருந்த வேறொரு லேபில் எனக்கு மறுபடி எடுத்தார்கள். இரண்டாம் வகை நெகட்டிவ். உண்மையான புதுத் தொற்றாக இருந்தால் மூன்று மாதத்தில் எண் நன்றாக ஏறியிருக்கும் என்றார். என் கோப்பில் ‘முதல் வகை மட்டும், பழையது’ என்று எழுதி மூடிவிட்டார்.

எனக்கு இல்லை என்று வந்ததால் நிம்மதியாக இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் நெருங்கிய தோழிக்கு உண்மையிலேயே இரண்டாம் வகை இருக்கிறது. அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவளுக்கு நடந்தது எனக்கு நடந்ததற்கு நேர் எதிர். அந்தரங்கப் பகுதியில் கொப்புளம், சிறுநீர் கழிக்க முடியாத எரிச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டல், காய்ச்சல். வெட்கத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், தனியார் லேபில் தானாகப் போய் ரத்தம் கொடுத்தாள். நெகட்டிவ் என்று வந்தது. இல்லை என்று நம்பிவிட்டாள்.

ரத்தத்தில் ஐஜிஜி தெரிய நேரம் பிடிக்கும். சிலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் வரும், பலருக்கு இன்னும் தாமதமாகும், பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். கொப்புளம் வந்த முதல் வாரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. கொப்புளம் இருக்கும்போது செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனையே இல்லை. அந்தக் கொப்புளத்திலிருந்து பஞ்சுக்குச்சியால் நீர் எடுத்துச் செய்யும் பிசிஆர்தான். அது வைரஸையே பிடிக்கும், எந்த வகை என்றும் சொல்லும். அதுவும் கொப்புளம் புதிதாக, ஈரமாக இருக்கும்போதே, முதல் ஓரிரு நாளில் எடுக்க வேண்டும். காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு எடுத்தால் வைரஸ் இருந்தும் அகப்படாமல் போகலாம். மறுபடி கொப்புளம் வந்தபோது அவளை நானே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பிசிஆரில் இரண்டாம் வகை. பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் எண் நன்றாக உயர்ந்திருந்தது.

வெட்கப்பட்டு லேபுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது, சுகவாழ்வு மையம் என்ற பெயர்ப்பலகையைப் பல ஊர்களில் பார்த்திருப்பீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனி நிலையம் இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வண்ணம் பிரித்துத் தரும் மருந்துப் பொட்டலங்களில் சிவப்புப் பொட்டலம் ஹெர்பிஸ் புண்ணுக்கானது. உள்ளே இருப்பது அசைக்ளோவிர்தான், இலவசம். அவர்கள் தினமும் பார்ப்பது இதைத்தான், நம்மைப் பார்த்து அவர்கள் முகம் சுளிப்பதில்லை. ரத்தப் பரிசோதனைக்கும் இடம் உண்டு: கொப்புளம் வந்து வந்து போகிறது ஆனால் பஞ்சுக்குச்சியில் அகப்படவில்லை என்றால், அல்லது துணைக்கு இருப்பது உறுதியாகிவிட்டது, தனக்கு உண்டா என்று தெரிய வேண்டும் என்றால் அது உதவும்.

இரண்டாம் வகை உறுதியானால் என்ன ஆகும்? உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை. முதல் தடவைதான் கடுமையாக இருக்கும், பிறகு வருவது லேசாகும், வருஷம் போகப் போகக் குறையும். கொப்புளம் இல்லாத நாட்களிலும் வைரஸ் தோலில் கொஞ்சம் வெளிப்படும் என்பதைத் துணைக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தினமும் 500 மில்லிகிராம் வாலசைக்ளோவிர் சாப்பிட்டால் துணைக்குப் பரவுவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 2004-இல் 1,484 தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வில் தெரிந்தது. ஆணுறையும் கொப்புளம் உள்ள நாட்களில் விலகி இருப்பதும் அதோடு சேர வேண்டும். முதல் வகையும் வாய்வழி உறவின் மூலம் கீழே வரலாம், இப்போது இளம் வயதினரிடம் அது கூடிக்கொண்டிருக்கிறது. ஆனால் கீழே வந்த முதல் வகை அடிக்கடி திரும்புவதில்லை. அதனால்தான் கொப்புளம் வந்தவர்களுக்கு எந்த வகை என்று தெரிவது முக்கியம்.

கர்ப்பம் பற்றிய பயம் பெரிய பயம். என் தோழி அழுததே அதற்குத்தான். பழைய தொற்று உள்ள தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே, ஏனென்றால் தாயின் எதிர்ப்புப் புரதம் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். ஆபத்து, பிரசவத்தை ஒட்டி முதன்முதலாகத் தொற்று வருபவர்களுக்கு. அப்போது நூற்றில் 30 முதல் 50 வரை. அவளுக்கு 36-ஆவது வாரத்திலிருந்து மாத்திரை கொடுத்தார்கள், பிரசவ வலி வந்தபோது கொப்புளம் எதுவும் இல்லை என்று பார்த்து உறுதி செய்துகொண்டு சுகப்பிரசவமே ஆயிற்று. தன் கணவரிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். அந்தத் தைரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எண்ணைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. எண் பெரிதாக இருந்தால் நோய் கடுமை, சிறிதாக இருந்தால் லேசு என்று பொருள் இல்லை. ஒரு லேபில் 9.4 வந்தது, இன்னொன்றில் 30 வந்தது, கூடிவிட்டது என்றும் இல்லை. கருவிக்குக் கருவி அளவு வேறு. இந்த எண்ணைக் குறைக்கிறேன் என்று மூலிகை லேகியம் விற்கிறவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள், ஐஜிஜி நம்மோடு ஆயுளுக்கும் இருப்பது, அதைக் குறைக்க வேண்டிய தேவையும் இல்லை. அக்கியோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சின்னம்மை வைரஸ் பின்னாளில் நரம்பு வழியாகத் திரும்பி வருவது, இந்த அறிக்கையில் அதைப் பற்றி எதுவும் இல்லை.

லேபில் ரத்தம் கொடுக்கும்போது உங்கள் சொந்த எண்ணையே கொடுங்கள். எச்ஐவி பரிசோதனைக்கு 2017-ஆம் வருஷச் சட்டப்படி நம் சம்மதம் வாங்க வேண்டும், முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும். ஹெர்பிஸுக்கு அப்படி யாரும் உட்கார வைத்துக் கேட்பதில்லை. பட்டியலில் என்னென்ன இருக்கிறது, எதற்கு, பாசிட்டிவ் வந்தால் சிகிச்சை எதுவும் மாறுமா என்று நாமே கேட்க வேண்டும். ‘மாறாது’ என்றால் அந்த வரியை அடித்துவிட்டு மீதியை மட்டும் எடுக்கச் சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது. கணவர் மனைவி இருவரும் சேர்ந்து போய் முடிவைக் கேட்பது இன்னும் நல்லது. ஒருவர் மட்டும் கேட்டு வந்து மற்றவருக்கு விளக்கும்போது பாதி விளக்கமும் பாதி சாட்சியமுமாகிவிடுகிறது.

என் மாமியாருக்கு விஷயம் தெரிந்துதான் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த பிறகு ஒருநாள், “என்ன கண்ணு, ரிப்போர்ட்டுல என்னமோ கெட்ட நோவுன்னு இருக்குதாமே” என்று கேட்டார். “அத்தை, காய்ச்சலடிச்சா உங்க பையன் உதட்டுல வருமே, அதே கிருமிதானுங்க. எனக்கு வெளியில வரல, அவ்வளவுதான்” என்றேன். “அட, அது எனக்குமே வருமே” என்றார். “உங்களுக்குமிருக்கும், எங்கம்மாவுக்குமிருக்கும்” என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

அதே மாமியாரிடம் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னேன், வீட்டில் நாத்தனாருக்குப் பிரசவ மாதம் நெருங்கியிருந்தது. உதட்டில் கொப்புளம் இருக்கும் யாரும், பாட்டியானாலும் அப்பாவானாலும், பிறந்த குழந்தைக்கு முத்தம் தரக்கூடாது, கொப்புளத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்கக்கூடாது. பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத முதல் வகை, பிறந்த சில வாரக் குழந்தையின் மூளையையும் ஈரலையும் தாக்கக்கூடியது. முதல் மாதத்தில் குழந்தைக்குக் காய்ச்சலோ, பால் குடிக்காத சோர்வோ, தோலில் நீர்க்கொப்புளமோ தெரிந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், வீட்டில் யாருக்காவது உதட்டில் கொப்புளம் வந்திருந்தது என்பதை டாக்டரிடம் கேட்காமலே சொல்ல வேண்டும்.